யோகா வகுப்பா, கவுன்சலரா, ரோஸ்டரா: நர்ஸ்களின் பணிச்சோர்வுக்கு எதில் பணம் போடுவது?

அறுபது படுக்கை வைத்து ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். மூன்று மாதத்தில் ஆறு நர்ஸ்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். "சிஸ்டர், எல்லாரும் பர்ன்அவுட்னு சொல்றாங்க. ஆறு லட்சம் ஒதுக்கியிருக்கேன். யோகா, மைண்ட்ஃபுல்னஸ்னு ஒருத்தங்க பேக்கேஜ் கொடுத்திருக்காங்க. கவுன்சலர் போடலாம்னு வீட்ல சொல்றாங்க. இன்சார்ஜ் சிஸ்டர் ஆள்தான் வேணும்கிறாங்க. எதைச் செய்யட்டும்?"

நான் இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றவள். கடைசி எட்டு வருடம் நர்சிங் சூப்பிரண்டண்ட். இதே கேள்வியை வேறு வேறு தொகையோடு பலர் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பர்ன்அவுட் என்றால் என்னவென்று ஒரு தெளிவு வேண்டும். 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் தன்னோடு உழைத்தவர்கள் வாடிப்போவதைப் பார்த்து இந்தச் சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். அதை அளக்க கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் 22 வரிகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 என்ற தன் சர்வதேச நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்றுதான் சொன்னது.

அதற்கு மூன்று முகம். உடம்பும் மனசும் வற்றிப்போவது ஒன்று. வேலையிலிருந்து மனசு விலகிப்போவது இரண்டாவது: அட்டெண்டர் (நோயாளியோடு துணைக்கு இருப்பவர்) கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்காமல் "வர்றேன்" என்று சொல்லிவிட்டு போகாமலே இருப்பது. 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு மூன்றாவது. ஒரு திட்டம் இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்பதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவதாக, பில்லில் வராத செலவு என்ன என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, நைட் டூட்டிக்காரிக்கும் அது எட்டுமா என்பது. நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: இது யாருடைய நேரத்தில் நடக்கிறது? ஆஸ்பத்திரியின் நேரத்திலா, அவள் தூங்க வேண்டிய நேரத்திலா? அவள் தூக்கத்திலிருந்து எடுத்துச் செய்யும் எந்த நல்ல காரியமும் அவளுக்கு இன்னொரு டூட்டிதான்.

## ஒன்று: யோகா, மைண்ட்ஃபுல்னஸ், 'ரெசிலியன்ஸ்' (தாக்குப்பிடிக்கும்) பயிற்சி

வாங்குவதற்கு இதுதான் சுலபம். ஒரு பில், ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ, வேலை முடிந்தது. பலன் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர்களின் பர்ன்அவுட் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, தனிநபருக்கான பயிற்சி, நிர்வாக மாற்றம் இரண்டிலுமே சோர்வு குறைகிறது என்றது. ஆனால் மறுவருடம் ஜாமா இன்டர்னல் மெடிசினில் வந்த இன்னொரு தொகுப்பு, 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வேலை அமைப்பை மாற்றும் திட்டங்கள்தான் கூடுதல் பலன் தருகின்றன என்று கண்டது. இரண்டும் டாக்டர்களைப் பற்றியவை. நர்ஸுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. என் அனுபவம் மட்டும் இரண்டாவது கட்டுரையின் பக்கம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வகுப்பு வைத்தார்கள். 'கட்டாயம் வரவேண்டும், அட்டெண்டன்ஸ் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் செய்தி. காலை ஏழே முக்காலுக்கு நைட் முடித்துப் போன பெண் ஹாஸ்டலில் நாலு மணி நேரம் படுத்துவிட்டு ஓடிவந்தாள். சவாசனத்தில் படுத்த இரண்டாவது நிமிடம் குறட்டை. "பாருங்கள், எவ்வளவு ஆழமாக ரிலாக்ஸ் ஆகிவிட்டார்" என்று பயிற்சியாளர் பாராட்டினார். சுற்றியிருந்த நர்ஸ்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று இரவும் அவளுக்கு நைட்.

இதில் மறைந்திருக்கும் செலவு அந்த நாலு மணி நேரத் தூக்கம் மட்டும் இல்லை. 'தாக்குப்பிடிக்கத் தெரியாதது உன் குறை, கற்றுக்கொள்' என்ற சேதியும் கூடவே போகிறது. ஆள் குறைவான வார்டில் அந்தச் சேதி போனால், மனசு விலகுவது இன்னும் வேகமாகும்.

அப்புறம் எப்போது இது சரி? ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிப்ட் என்ற டூட்டிப் பட்டியல்) ஒழுங்காக, ஆள் போதுமானதாக இருந்து, ஊழியர்களே கேட்டால். படிப்பை முடித்துப் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் முதல் மாதத்தில் நல்லது. டூட்டிக் கணக்கில் இருபது நிமிடம் கொடுத்து, விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரட்டும் என்று விட வேண்டும்.

## இரண்டு: கவுன்சலர், உதவி எண்

கவுன்சலர் வைப்பது நல்ல எண்ணம்தான். பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடத்தில். அவர் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போவார். நைட் நர்ஸ் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் தூக்கத்தைத்தான் விட வேண்டும். இன்னொன்று, அவர் அறை எச்.ஆர். அறைக்குப் பக்கத்தில் இருக்கும். யார் உள்ளே போனார்கள் என்பது மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீனுக்குத் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். மாதக் கடைசியில் 'யார் யார் வந்தார்கள்' என்று நிர்வாகம் ஒரு லிஸ்ட் கேட்டுவிட்டால் அத்தோடு சரி, மறுநாளிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவுன்சலருக்கு மாற்றே கிடையாது. பர்ன்அவுட் வேறு, டிப்ரஷன் வேறு. நாலு நாள் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பியும் முகம் தெளியாதவர், சாப்பாடு இறங்காதவர், 'இருந்து என்ன பண்ண' என்று ஒரு வார்த்தை விட்டவர், இவர்களை ரோஸ்டர் காப்பாற்றாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நர்ஸ்கள் உடைமாற்றும் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ரிசப்ஷனில் ஒட்டினால் யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

அட்டெண்டர்கள் கைநீட்டிய சம்பவத்துக்குப் பிறகும் கவுன்சலர் உதவுவார். ஆனால் அங்கே முதல் மருந்து, மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 48/2008 சட்டத்தின் கீழ் நிர்வாகமே போலீசில் புகார் கொடுப்பது. "நீ போய் பேசிட்டு வாம்மா" என்று அடிவாங்கியவளைக் கவுன்சலரிடம் அனுப்பிவிட்டு, அடித்தவனிடம் சமாதானம் பேசி பில்லில் தள்ளுபடி கொடுத்தால், அந்த வார்டே உங்களை விட்டுப் போய்விடும்.

## மூன்று: சக ஊழியர் துணை, பேசும் கூட்டம்

தவறு நேர்ந்தபோது நோயாளிக்கு அடுத்தபடியாக அடிபடுவது அதில் சம்பந்தப்பட்ட மருத்துவ ஊழியர். 2000-ல் ஆல்பர்ட் வூ இதற்கு 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று பெயர் வைத்து எழுதினார். அவர் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பயிற்சி பெற்ற சக ஊழியரை எந்நேரமும் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாடு 2011-ல் வந்தது. இன்னொரு வடிவம் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்: பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதற்கு முன் ஏற்படுத்திய அமைப்பு நடத்துவது. டாக்டர், நர்ஸ், மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, நோயாளியின் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசாமல் அந்தக் கேஸ் தங்களை என்ன செய்தது என்பதைப் பேசுவார்கள்.

இது எனக்குப் பிடித்த வழி. காரணம் ஒரு ராத்திரி. ஐ.சி.யு.வில் நாற்பது நிமிடம் சி.பி.ஆர். கொடுத்தும் ஒரு பையன் போய்விட்டான். டாக்டர் நேரம் குறித்துவிட்டுப் போனார். இன்சார்ஜ் க்ராஷ் கார்ட்டை (அவசர மருந்து வண்டியை) மறுபடி நிரப்பச் சொன்னார். கை நடுங்கிக்கொண்டிருந்த ஜூனியர் பெண் அடுத்த பெட்டுக்குப் போய் சுகர் செக் பண்ணினாள், ஏனென்றால் மணி ஆகிவிட்டது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும்தான். ஃப்ளோர் துடைக்க வந்த ஆயாம்மா மட்டும் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து, "ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போய் பாரு கண்ணு" என்றார். அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் இன்சார்ஜ். இன்றைக்கும் அந்த டீயைப் பற்றித்தான் பேசுவாள்.

செலவு என்று பார்த்தால் மாதம் ஒரு மணி நேரமும் சாப்பாடும். மறைந்த செலவு வேறு. நம் ஊரில் கன்சல்டன்ட் முன்னால் நர்ஸ் வாய் திறக்க மாட்டாள். முதல் நாலு கூட்டத்தில் பெரிய டாக்டர் ஒருவரே 'எனக்கும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை' என்று ஆரம்பித்தால்தான் பூட்டு திறக்கும். அறுபது படுக்கையில் எந்த நோயாளி, எந்த நர்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் ரகசியமும் கஷ்டம். துணைக்கு நிற்கிறவர் எல்லோருடைய அழுகையையும் ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் கேட்டுக் கேட்டு அவரே கருகிப்போவதும் உண்டு. அவருக்கு டூட்டியில் நேரம் ஒதுக்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள். ஐ.சி.யு., கேஷுவாலிட்டி, குழந்தைகள் வார்டு, புற்றுநோய் வார்டு உள்ள இடங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

## நான்கு: ரோஸ்டரைத் திருத்துவது

டாக்டரின் பட்டியலில் இது இல்லவே இல்லை. விற்க ஆளில்லாத சரக்கு என்பதால் யாரும் இதற்கு பேக்கேஜ் கொடுப்பதில்லை.

போன மாத ரோஸ்டரை எடுத்து சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். ஈவினிங் முடிந்த மறுநாளே மார்னிங் வந்த இடம் எல்லாம் ஒரு வட்டம். ஒன்பதுக்கு முடியும் டூட்டி ஒன்பதரைக்கு முடிந்து, பஸ் பிடித்து, வீட்டில் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை. காலை ஐந்துக்கு எழுந்தால்தான் ஏழு மணி டூட்டி. நைட் முடித்து வெளியே வந்த அன்றையே 'ஆஃப்' என்று எழுதியிருந்தால் அது ஒரு வட்டம். அது ஆஃபே இல்லை, தூங்கும் நாள். ஆஃபில் இருந்தவளைக் கூப்பிட்ட நாள், டபுள் டூட்டி பார்த்த நாள், இவையும் வட்டம்தான். நான் போட்டுப் பார்த்த முதல் தடவை தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தது. அந்த ரோஸ்டரைப் போட்டதே நான்தான்.

ஹேண்டிங் ஓவரைப் பாருங்கள். 7–2, 2–9, 9–7 என்று மூன்று ஷிப்ட் போட்டால் சரியாக 24 மணி நேரம். இடையில் ஒரு நிமிடம்கூட ஒன்றின் மேல் ஒன்று வராது. அப்படியானால் கேஸ் ஷீட், டிரிப், மருந்து, ஆக்சிஜன் எல்லாம் எண்ணி ஒப்படைக்கும் அரை மணி நேரம் யாருடையது? அவளுடையது. மாதம் 26 டூட்டிக்கு 13 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு மார்னிங் டூட்டி சம்பளமில்லாமல். ஷிப்டுகளை அரை மணி நேரம் மேற்பொருந்த வைத்து, அதையும் டூட்டியாகக் கணக்கிட்டாலே பாதிப் புலம்பல் நின்றுவிடும்.

மாற்றும் வரிசையும் முக்கியம். மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துக்கொள்ளும். நம் உடம்புக் கடிகாரத்துக்கு ஒரு நாளை நீட்டுவது எளிது, சுருக்குவதுதான் கஷ்டம். பல இடங்களில் நைட் முடிந்து ஈவினிங், பிறகு மார்னிங் என்று தலைகீழாகப் போகும். ரோஸ்டரை ஞாயிறு ராத்திரி போடாமல் இரண்டு வாரம் முன்னால் போட்டால், தம்பி நிச்சயதார்த்தத்துக்கு எந்தப் பெண்ணும் 'வயிற்றுவலி' லீவு போட வேண்டியிருக்காது.

மறைந்த செலவு இதிலும் உண்டு. சீனியர்களுக்கு நைட்டே போடாத சலுகை போகும். அவர்கள் முகம் திருப்புவார்கள். ரோஸ்டர் பேனா இன்சார்ஜின் அதிகாரம், அதைக் கொடுக்க மனசு வராது. இன்னொன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்: டபுள் டூட்டியை ஒழிக்கிறேன் என்று ஒரேயடியாக நிறுத்தியபோது ஹாஸ்டல் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டபுள் பார்த்துச் சேர்த்த ஆஃபில்தான் அவர்கள் மாதம் ஒருமுறை நாலு நாள் தென்காசிக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே கேட்காமல் திருத்தாதீர்கள்.

டாக்டர்களுக்கும் இதே கதைதான். ரெசிடென்ட் டாக்டருக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் விதி வந்தது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு வருடத்தில் உச்சவரம்பு ஏறியிருக்கிறது!

## ஐந்து: ஆள் கூட்டுவது

பலன் என்று பார்த்தால் இதற்குத்தான் ஆதாரம் கனம். பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்து லிண்டா ஐகென் குழு 2002-ல் எழுதியது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது நர்ஸின் பர்ன்அவுட் வாய்ப்பு 23 சதவீதமும், நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2016-ல் பகலில் நாலு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழுக்கு ஒருவர் என்று பொது மருத்துவமனை வார்டுகளுக்குச் சட்டம் போட்டது. கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மிச்சமானது என்று 2021-ல் கணக்கு வந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், திரும்பி வந்து சேர்வதும் குறைந்தது.

நம் டாக்டரின் கணக்கைப் போடுவோம். ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் நிற்க வேண்டுமென்றால் வாரம் 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தால் மூன்றரைப் பேர் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் 30 சதவீத விடுப்பு இருப்பைச் (லீவில் போகிறவர்களுக்கு மாற்றாக வைக்கும் கூடுதல் ஆளைச்) சேர்த்தால் நாலரைப் பேர். நிறைய பேர் 'மூன்று ஷிப்ட், மூன்று பேர்' என்று போடுகிறார்கள்; அதில் வார ஆஃபே கிடையாது. அவருக்கு ஒரு நேரத்தில் ஒன்பது பேர் தேவை, ஆக 41. அவரிடம் இருந்தது 33. ஆறு பேர் போனதும் 27. அந்த ஆறு பேரின் டூட்டியைப் பார்ப்பது மீதிப் பேர்தான். ஏழாவது ராஜினாமா ஏற்கெனவே யாருடைய கைப்பையிலோ இருக்கும்.

இருபதாயிரம் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சேர்த்து ஒருவருக்கு மாதம் சுமார் 22,500. ஆறு லட்சத்தில் வருடத்துக்கு இரண்டு நர்ஸ். காலியான ஆறு இடத்துக்கு சம்பளம் ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மறைந்த செலவு: புதியவர் வந்ததும் வேலை குறையாது, கூடும். முதல் ஒரு மாதம் சீனியர் ஒருத்தி அவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே தன் வேலையையும் பார்க்க வேண்டும். ரோஸ்டர் பழையபடியே இருந்தால் புதியவரும் நாலாவது மாதம் கிளம்பிவிடுவார். சர்டிபிகேட்டை வாங்கி பூட்டி வைத்தால் நிற்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு: உடம்பு நிற்கும், மனசு நிற்காது.

நர்ஸே கிடைக்காத ஊரில் நர்ஸ் இல்லாத ஆளைப் போடுங்கள். ஒருநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: ஃபார்மசி ரிட்டர்ன், இன்டென்ட், பில்லிங் என்ட்ரி, கேஷ்லெஸ் ஃபைலுக்கு ஜெராக்ஸ், 'டாக்டர் எப்ப வருவாரு' என்ற போன். இவை எதற்கும் நர்சிங் படித்திருக்க வேண்டியதில்லை. வார்டுக்கு ஒரு கிளார்க் போட்டால் நர்ஸ் நோயாளியிடம் திரும்பிப் போவாள். மூன்றாவது முகத்துக்கு, 'செய்து என்ன பயன்' என்பதற்கு, நான் பார்த்த நல்ல மருந்து அதுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருடைய நேரம் | எதைத் தொடுகிறது | மறைந்த செலவு | எப்போது இதை எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| பயிற்சி வகுப்பு | பெரும்பாலும் நர்ஸின் ஓய்வு | கொஞ்சம் களைப்பு | 'குறை உன்னிடம்' என்ற சேதி | ஆளும் ரோஸ்டரும் சரியாக இருந்து, அவர்களே கேட்டால் |
| கவுன்சலர், 14416 | பகலில் நர்ஸுடையது. போனில் பரவாயில்லை | நெருக்கடி, டிப்ரஷன் | ரகசியம் உடைவது | மரணம், வன்முறை, தற்கொலை எண்ணம்: உடனே |
| சக ஊழியர் துணை | ஒதுக்கினால் ஆஸ்பத்திரியுடையது | மன விலகல் | துணை நிற்பவர் கருகுவது | ஐ.சி.யு., கேஷுவாலிட்டி, பெரிய டாக்டர் ஒத்துழைத்தால் |
| ரோஸ்டர் திருத்தம் | ஆஸ்பத்திரியுடையது | களைப்பு | சீனியர் கோபம், இன்சார்ஜ் எதிர்ப்பு | எல்லா இடத்திலும், முதலில் |
| ஆள் கூட்டுவது | ஆஸ்பத்திரியுடையது | மூன்றையும் | முதல் மாதம் பயிற்சிச் சுமை | ஆஃபில் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டால் |

## டாக்டருக்குச் சொன்னது

காலியான ஆறு இடத்தை நிரப்புங்கள், அது இந்த ஆறு லட்சத்தில் சேராது. நிரம்பும்வரை ஒரு வார்டில் எட்டு படுக்கையை மூடி வையுங்கள். (இதற்கு அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.) ஆறு லட்சத்தில் ஒரு நர்ஸ் விடுப்பு இருப்புக்கு, மீதியில் கிளார்க். ரோஸ்டரை அடுத்த மாதமே மாற்றலாம். கவுன்சலரை மாதச் சம்பளத்தில் வைக்க வேண்டாம், கூப்பிட்டால் வெளியே வைத்துப் பார்க்கிற மாதிரி ஒருவரைப் பேசி வையுங்கள். பேசும் கூட்டம் ஆறு மாதம் கழித்து. ஐந்நூறு படுக்கை உள்ள, ஆளும் ரோஸ்டரும் சரியாக இருக்கிற ஆஸ்பத்திரி கேட்டிருந்தால் கூட்டத்தைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

"பலன் தெரியுதான்னு எப்படிப் பார்க்கறது? அந்த 22 கேள்வி கொடுக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம், நிர்வாகம் கொடுக்கிற படிவத்தில் யாரும் நிஜத்தை எழுத மாட்டார்கள் என்றேன். பஞ்சிங் மெஷினில் இருக்கிறது எல்லாம். ஒன்பது மணி டூட்டி முடித்த பெண் எத்தனை மணிக்குக் கைவைக்கிறாள், மறுபடி எத்தனை மணிக்கு உள்ளே வருகிறாள், ஆஃப் என்று போட்ட நாளில் எத்தனை பேர் பஞ்ச் ஆகியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் இன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள்.

"சரி சிஸ்டர். யோகா டீச்சருக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேனே?"

"வரட்டும் டாக்டர். ரெண்டரை மணிக்கு, ஹேண்டிங் ஓவர் முடிஞ்சதும் ஈவினிங் ஷிப்டுக்குள்ளயே வைங்க. நைட் பொண்ணுங்களுக்கு மட்டும் மெசேஜ் போகாமப் பாத்துக்குங்க."